பினாங்கில் ஒரு சைக்கிள், பாலாற்றில் ஒரு சைக்கிள்

1

என் மகள் கிரேஸ் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருவதை நிறுத்திவிட்டாள். பினாங்கிலிருந்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு ஊருக்குச் சொல்ல வேறு சேதியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ரப்பர் விலை இருக்கிறது, கப்பலில் வந்து இறங்குகிற கூட்டம் இருக்கிறது. அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இப்போது மனசு முழுக்க ஒரு சைக்கிள்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. யார் மேல் என்றால், மேய் லின் என்கிற பதினாலு வயதுச் சீனப் பெண் மேல். கிரேஸின் வகுப்புத் தோழி. அவள் அப்பா துணிக்கடை வைத்திருக்கிறார். மரியாதை தெரிந்த பெண், என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வணக்கம் சொல்வாள். எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்தப் பெண்ணின் சைக்கிள் மணி எங்கள் வாசலில் கிணுகிணுத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாற்பது வயதில் இது வெட்கக்கேடு என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

எங்கள் வீட்டிலிருந்து கிரேஸின் பள்ளிக்கூடம் அரைமணி நடை. அங்கிருந்து துறைமுகத்தில் நான் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்க்கும் சரக்குக் கிடங்குக்கு இன்னும் பத்து நிமிஷம். அவளுக்கு ஆறு வயதானபோது ஆரம்பித்தது, எட்டு வருஷம் தவறாமல் நடந்தோம். வீட்டில் கிரேஸ் வாயைத் திறக்கமாட்டாள். என் மனைவி மேரி நாலு தடவை கேட்டால் ஒரு தடவை 'ம்' என்பாள். தெருவில் கால் வைத்ததும் மடை திறந்துவிடும். டிரில் வகுப்பில் மயங்கி விழுந்தது யார், கணக்கு டீச்சர் யாரைப் பார்த்து முறைத்தாள், எந்தப் பெண் கூந்தலை வெட்டிக்கொண்டு வந்தாள், எல்லாம் எனக்கு வந்து சேரும். பாதி இங்கிலீஷ், கால் பங்கு மலாய், மிச்சம் தமிழ். அந்தத் தமிழும் எப்படி என்றால், எதிரில் மாடு வந்தால், "மாடு வர்றான் பா, தள்ளுங்க" என்பாள். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தினால் பேச்சு நின்றுவிடுகிறது என்று கண்டபிறகு விட்டுவிட்டேன். மாடு எப்படி வந்தால் என்ன, அவள் பேசினால் போதும்.

அந்த அரைமணிதான் இந்த ஊரில் எனக்கென்று இருந்தது. மற்ற நேரமெல்லாம் கிடங்குக்கும் துரைக்கும் சொந்தம்.

2

நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் போவது என்றால் நடப்பதுதான். யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், பாலாற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊர். ஆற்றைத் தாண்டி, பெரிய சாலையைப் பிடித்து, ஆம்பூர் பள்ளிக்கூடத்துக்குப் போக ஒன்றரை மணி நேரம். வர ஒன்றேமுக்கால், ஏனென்றால் திரும்பும்போது பசி.

ஊரைச் சுற்றி அத்தனை தோல் கிடங்கு இருந்தும் எங்கள் காலில் செருப்பு கிடையாது. என் நைனா கிடங்கில் பதம் பண்ணின தோலுக்கு எண்ணெய் பூசுகிறவர். அந்தத் தோல் கப்பலேறிச் சீமைக்குப் போகும். நாங்கள் மணலில் வெறுங்காலோடு போவோம். சித்திரை வெயிலில் ஆற்றுமணல் எப்படி இருக்கும் என்று அங்கே இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடிப்போய் ஊற்றுக்குழியில் காலை விட்டு நிற்போம். அப்புறம் அடுத்த ஊற்றுக்கு ஓட்டம்.

'நாங்கள்' என்றது நானும் ரங்காவும். பொன்னுரங்கம். நாலு வீடு தள்ளி இருந்தவன், கேழ்வரகும் வேர்க்கடலையும் பயிரிடுகிற குடும்பம். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அது பெரியவர்கள் பாடு. எங்களுக்கு ஒரே தூக்குச்சட்டியில் கூழ், ஒரே சிலேட்டு, மூன்று வருஷம் ஒரே வழி. ரங்கா நன்றாகப் பேசுவான். யார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவான். கணக்கு வாத்தியார் மாதிரி அவன் இருமினால் எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலிக்கும். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியாது.

ஐந்தாம் பாரம் படிக்கும்போது அவன் சைக்கிளில் வந்தான். ஜோலார்ப்பேட்டையில் ரயில்வேயில் இருந்த அவன் மாமா வாங்கிக் கொடுத்தது. கறுப்பு வண்டி, சீமைத் தோல் சீட்டு, வெயிலில் பளபளவென்று இருக்கும். முதல் நாளே என்னைக் கூப்பிட்டான்.

"டேய் சாமு, பின்னால குந்துடா. அரைமணியில போய்டலாம்."

நான் மாட்டேன் என்றேன். எனக்கு நடக்கத்தான் பிடிக்கும் என்றேன். அதைவிடப் பெரிய பொய்யை நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு போவது என்பது என்னால் தாங்கமுடியாததாக இருந்தது. மூன்று வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தவன் நான். இரண்டு மூன்று நாள் கெஞ்சிப் பார்த்தான். பிறகு பக்கத்துத் தெருப் பையன் ஒருவனை ஏற்றிக்கொண்டான். ஆற்று மணலில் சைக்கிள் ஓடாது, தோளில் தூக்கிக்கொண்டுதான் தாண்டவேண்டும். அந்தப் பையன் ஒரு பக்கம், ரங்கா ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் பின்னால் நடந்து போவேன். எதிர்க்கரை ஏறியதும் அவர்கள் போய்விடுவார்கள். சாலைப் புழுதியில் டயர் தடம் மட்டும் எனக்கு முன்னால் ஆம்பூர்வரைக்கும் போகும். அதை மிதித்து மிதித்து அழித்துக்கொண்டே நடப்பேன்.

3

இங்கே எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் வந்தது மேரியின் தம்பியால். அவன் சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போனான். போகும்போது அவன் சம்சாரம் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளை கிரேஸுக்குக் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வாரத்தில் மேய் லின் இவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டாள். அதற்கும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் உடம்பு சுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காலையில் நடந்தால் பசி எடுக்கும், ரத்தம் சுத்தமாகும், ராத்திரி நல்ல தூக்கம் வரும் என்றேன். நான் பதினாலு வயதில் தினம் மூன்று மணி நேரத்துக்குமேல் நடந்தேன், இதுவரைக்கும் ஒரு நாள் ஜுரம் என்று படுத்ததில்லை என்றேன். கிரேஸ் காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் காப்பியும்தான் சாப்பிடுகிறாள், இட்லியைத் தொடுவதில்லை, அதையும் இதோடு சேர்த்துக் கோபித்துக்கொண்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மரியாதையாகவே ஒன்று சொன்னாள்.

"நீங்க சைக்கிள் இல்லாததாலதானே அப்பா நடந்தீங்க."

மேரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

நம்மூர் மாதிரி சைக்கிளை வாங்கினோம் ஓட்டினோம் என்று இங்கே முடியாது. லைசன்ஸ் வேண்டும். இரண்டு பக்க விண்ணப்பப் பாரம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளுக்கு என்றால் தகப்பன் கையெழுத்துப் போடவேண்டும். பாரத்தைக் கொடுத்தபிறகு ஒரு நாள் சொல்வார்கள். அன்றைக்கு வண்டியைக் கொண்டுபோய் மணி, பிரேக்கு, விளக்கு எல்லாவற்றையும் காட்டவேண்டும். சரி என்றால் நம்பர் போட்ட தகரத் தகடு தருவார்கள். தகடு இல்லாமல் தெருவில் இறங்கினால் மாத்தா பிடித்துவிடுவான். மாத்தா என்றால் இங்கே போலீஸ்காரன்.

பாரத்தில் முதல் வரி குடும்பப் பெயர். இந்த நாட்டில் நான் கப்பலிலிருந்து இறங்கின அன்றைக்கே இந்த வரியில் மாட்டிக்கொண்டேன். காகிதம் எழுதின ஆள் குடும்பப் பெயர் என்ன என்றான். எனக்கு அப்படி ஒன்று இல்லை. ஊரைக் கேட்கிறான் என்று நினைத்து, எங்கள் ஊர் பெயர் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மாதனூர் என்றேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் மாதனூர். கிடங்கில் துரை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். பள்ளிக்கூடத்தில் என் மகள் கிரேஸ் மாதனூர். அவள் மாதனூரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு நாள் நடந்துபோகும்போது, மாதனூர் என்பது தாத்தா பேரா என்று கேட்டாள். ஊர் என்றேன், ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்றேன். எந்த ஆறு என்றாள். அதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது.

இந்தப் பாரத்தை நான் கிடங்கில் வைத்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். எழுதவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கிரேஸ் கேட்டபோது கொடுத்தாயிற்று, கூப்பிடுவார்கள் என்றேன். மறு வாரம் கேட்டாள். சர்க்கார் காரியம், மெல்லத்தான் நடக்கும் என்றேன். மூன்றாம் வாரம் ஆபீசில் ஒரு கிராணி லீவு என்று நானாகக் கதை கட்டினேன். தினமும் காலையில் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள், வழியெல்லாம் பேசினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சைக்கிள் பின்கட்டில் சாக்கு மூடிக் கிடந்தது.

4

இப்போது ரங்காவின் சைக்கிள் என்ன ஆனது என்று சொல்லவேண்டும். இருபத்தாறு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தோல் கிடங்கில் வேலை செய்கிற வீடுகளில் தோல் சாமானுக்கு எது வந்தாலும் ஒரே வைத்தியம் எண்ணெய்தான். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைச் சால் விறைத்துப்போனால் எண்ணெய். செருப்புக் கடித்தால் எண்ணெய். புங்கெண்ணெய் வாசனை இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஊரில் மற்றவர்களும் தோல் விஷயம் என்றால் எங்களைத்தான் வந்து கேட்பார்கள். அப்படித்தான் ரங்காவும் வந்தான். வண்டி சீட்டு உட்கார்ந்தால் சத்தம் போடுகிறது, மேலே வெடிப்பு விடுகிற மாதிரி இருக்கிறது என்றான்.

"உங்க நைனா கிடங்குலதானே கீறாரு. இன்னா பண்ணலாம்னு கேட்டுச் சொல்லு."

கேட்டேன். நைனா கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"அதுக்கு எண்ணெ காட்டவே கூடாதுடா. அது இறுக்கமா நின்னாத்தான் சீட்டு. எண்ணெ ஏறிச்சின்னா தூளி மாதிரி தொங்கிப்பூடும்."

மறுநாள் ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புங்கெண்ணெய் எடுத்துப்போய் ரங்காவிடம் கொடுத்தேன். மேலேயும் கீழேயும் நன்றாக ஊறவிடு, வெயிலில் வை, மறுபடி ஒரு தடவை பூசு என்றேன். நைனா சொன்னாரா என்று கேட்டான். சொன்னார் என்றேன்.

ஒரு வாரத்தில் சீட்டு தொங்கிவிட்டது. இரண்டாம் வாரம் நடுவில் குழிந்து, கீழே இருக்கிற இரும்பில் போய் இடித்தது. உட்கார்ந்து ஓட்டமுடியாது. நின்றுகொண்டே மிதித்துப் பார்த்தான். வேஷ்டியெல்லாம் எண்ணெய்க் கறை. ஜோலார்ப்பேட்டை மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். எந்த மடையன் இதற்கு எண்ணெய் பூசச் சொன்னது என்று சத்தம் போட்டார். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

ரங்கா என்னைப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல மாமா. நானாத்தான் பண்ணேன்."

பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு வண்டி எதற்கு என்று மாமா அதை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார். ரங்கா அதைத் தோல்காரன் வீட்டுப் பையனுக்கு வருகிற தப்பு என்றே எடுத்துக்கொண்டான். எதற்கெடுத்தாலும் எண்ணெய் என்கிற தெருவில் பிறந்தவன், நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டான், பாவம் என்று. என் பேரைச் சொன்னால் என் நைனா என்னை அடிப்பார் என்றுதான் மாமாவிடம் மறைத்தான். அதை அவனே பிறகு சொன்னான்.

திங்கட்கிழமை காலையில் தூக்குச்சட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். இரண்டு பேரும் ஆற்றில் இறங்கினோம். பரீட்சைவரைக்கும் ஐந்து மாதம் நடந்தோம். நான் வருத்தப்பட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். வருத்தப்படவில்லை. அவன் மறுபடி கணக்கு வாத்தியார் மாதிரி இருமினான், நான் மறுபடி சிரித்தேன். என் வாழ்நாளிலேயே நான் அதிகம் சந்தோஷமாக இருந்தது அந்த ஐந்து மாதம்தான்.

ரங்கா இப்போது மாதனூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுவான். இந்தப் பத்திரிகை அவன் கடைக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

5

நாலாம் வாரம் கிரேஸும் மேய் லின்னும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக லைசன்ஸ் ஆபீசுக்கே போய்விட்டார்கள். எனக்கு அந்த வயதில் சர்க்கார் ஆபீஸ் வாசற்படி ஏறுகிற தைரியம் கிடையாது. இவர்கள் இரண்டு பேரும் மேஜைக்கு முன்னால் நின்று மலாயில் கேட்டிருக்கிறார்கள். அங்கே இருந்த ஆள் பொறுமையாகப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாதனூர் என்று எந்தப் பாரமும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் மேரிதான் கேட்டாள்.

"புள்ளகிட்ட இன்னாத்துக்குப் பொய் சொன்ன?"

கிரேஸ் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நடந்தோம். பள்ளிக்கூட வாசல்வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு மறுநாளும் வந்தாள். நேரத்துக்கு வந்தாள், என் பக்கத்திலேயே நடந்தாள், தெருவைக் கடக்கும்போது என்னோடு நின்று என்னோடு கடந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. எதிரில் மாடு வந்தது. அவளே ஒதுங்கிக்கொண்டாள்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. மகள் கூடவே நடக்கிறாள். அந்த ஐந்து நாள் நடந்தது மாதிரி ஒரு நடையை நான் பாலாற்று வெயிலில்கூட நடந்ததில்லை.

ஆறாம் நாள் தாங்கமுடியாமல் நான் பேச ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன், எப்படியோ ரங்காவின் சைக்கிள் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். நைனா சொன்னது, கொட்டாங்கச்சி, மாமா, எல்லாம். அவளுக்குக் கவலைச் சால் தெரியாது, கொட்டாங்கச்சி தெரியாது, ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் தேடிச் சொல்லவேண்டியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டுதான் முடித்தேன். மணி அடித்துவிட்டது, அவள் உள்ளே போகவில்லை.

"அதுக்கப்புறம் அவர் உங்ககூட நடந்தாரா?"

"நடந்தான். அஞ்சு மாசம்."

"தெரியாம நடந்தாரு. பாவம் அவரு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நான் கிடங்குக்குப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்து, பாரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இன்னொரு காலை அப்படிப் பேசாமல் நடக்க என்னால் முடியாது, அதுதான் காரணம். பத்து நாளில் கூப்பிட்டு வண்டியைப் பார்த்தார்கள், தகடு வந்தது. மேரி சைக்கிளில் கட்டிவிட்டாள்.

இப்போது காலையில் மேய் லின் வாசலில் மணி அடிப்பாள். கிரேஸ் போய்விட்டு வருகிறேன் அப்பா என்று சொல்லிவிட்டுப் போவாள். கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது, முகம் நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் எட்டு மணிக்கு என்றாலும் ஏழேகாலுக்கே கிளம்பிவிடுகிறார்கள். சைக்கிளில் பத்து நிமிஷம்கூட ஆகாத தூரத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொள்வேன். வேகம்தான் பிள்ளைகளுக்கு ருசி, அதோடு என்னால் போட்டி போட முடியாது என்று ஒருவாறு சமாதானமும் ஆகியிருந்தேன். சைக்கிள்தான் அவளைக் கொண்டுபோயிற்று என்றால் ஒரு மனுஷன் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

போன செவ்வாய்க்கிழமை கிடங்கில் சரக்கு இறங்குகிறது என்று நானும் சீக்கிரமே கிளம்பினேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் பெரிய மரங்கள் இருக்கிற தெருவுக்குத் திரும்பியதும், எனக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். சைக்கிளில் ஏறியிருக்கவில்லை. இரண்டு பேரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். மேடு கிடையாது, மழை கிடையாது. டயரைப் பார்த்தேன், நாலும் நன்றாகக் காற்றோடு இருந்தன.

கிரேஸ் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கையை ஆட்டி ஆட்டி யாரோ ஒருத்தி நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள். மேய் லின் சைக்கிள்மேல் சாய்ந்துவிடுகிற மாதிரி சிரித்தாள். ஏழேகாலுக்குக் கிளம்புவது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் வேகமாக நடக்கிறவன். அவர்கள் மெல்லப் போனார்கள். இன்னும் இருபது முப்பது அடி வைத்தால் பிடித்துவிடுவேன் என்கிற அளவுக்கு நெருங்கிவிட்டேன். குரல் கேட்க ஆரம்பித்தது, என்ன பேசுகிறாள் என்பது மட்டும் பிடிபடவில்லை. நான் நின்றுவிட்டேன். குனிந்து என் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அவர்கள் இன்னும் தெருவைத் தாண்டவில்லை. இன்னொரு காலின் கயிற்றையும் அவிழ்த்தேன்.